'யூ ஆர் அன்கைண்ட்' என்று எழுதும் முன்: ஒரு சின்னப் பெயரடையின் இலக்கணம்

ஓர் அலுவலகக் கூட்டம். பத்துப் பேர் முன்னிலையில் மேலாளர் ஒருவர், "இந்த ஸ்லைடை என் மகள் இதைவிட நன்றாகச் செய்திருப்பாள், அவள் ஐந்தாம் வகுப்புதான் படிக்கிறாள்" என்கிறார். சிலர் சிரிக்கிறார்கள். ஸ்லைடைத் தயாரித்தவர் மாலையில் அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுத உட்காருகிறார். மனத்தில் இருப்பது "நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்ற ஆதங்கம். திரையில் விழுவதோ "யூ ஆர் வெரி ரூட் அண்ட் அன்கைண்ட்" என்ற வாக்கியம். படிக்கிற மேலாளருக்கு அது ஆதங்கமாகப் போய்ச் சேராது. தன் குணத்தைப் பற்றிய தீர்ப்பாகவே போய்ச் சேரும்.

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. சொற்களின் பொருளும் சரிதான். 'அன்கைண்ட்' என்றால் அன்பற்ற, இரக்கமற்ற என்று அகராதி சொல்கிறது. நாமும் அப்படியே படித்து வைத்திருக்கிறோம். அகராதி சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இந்தச் சொல்லை வாக்கியத்தில் எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, யாரைக் குறை சொல்கிறோம், எவ்வளவு சொல்கிறோம் என்பது மாறிவிடும். ஆங்கிலம் நன்றாகவே தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கலாம். சொல் தெரியாததால் வரும் தடுமாற்றம் அல்ல இது. அதை எதன் மேல் ஏற்றுவது என்று தெரியாததால் வருவது.

உப்புக் கூடிய சாம்பார்

சாப்பாட்டு நேரத்தில் சாம்பார் கரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்று விதமாகச் சொல்லலாம். "சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது" என்பது ஒன்று. "இன்றைக்கு உப்பைக் கூட்டிவிட்டாய்" என்பது இன்னொன்று. "உனக்குச் சமைக்கவே வராது" என்பது மூன்றாவது. நடந்தது ஒன்றுதான். முதல் வாக்கியம் பண்டத்தைப் பற்றியது, இரண்டாவது இன்றைய செயலைப் பற்றியது, மூன்றாவது ஆளைப் பற்றியது. மூன்றாவதைச் சொன்னவர் அடுத்த வேளைக்கு ஓட்டல் தேட வேண்டியிருக்கும்.

இந்த மூன்று படிகளையும் நாம் தமிழில் யோசிக்காமலே பிரித்துப் பேசுகிறோம். வேறு வேறு வினைகளும் விகுதிகளும் நமக்கு அதைச் செய்து தருகின்றன. ஆங்கிலத்திலும் இதே படிகள் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரே பெயரடையை வைத்துக்கொண்டு, அதன் இடத்தை மட்டும் மாற்றி இந்த வேலையைச் செய்கிறார்கள். பெயரடை என்பது ஒரு பெயருக்குரிய தன்மையைச் சொல்லும் சொல்: நல்ல பையன், கடுஞ்சொல், பெரிய வீடு என்பவற்றில் வரும் முன்பாதி. ஆங்கிலத்தில் அது பெயருக்கு முன்னாலும் நிற்கும், 'இஸ்', 'வாஸ்' போன்ற வினைகளுக்குப் பின்னாலும் நிற்கும்.

ஒரே சொல், நான்கு இடங்கள்

மேலாளரின் பேச்சையே எடுத்துக்கொள்வோம். அதை நான்கு வகையாக ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கலாம்.

"தட் வாஸ் அன் அன்கைண்ட் ரிமார்க்." அது அன்பில்லாத பேச்சு. பெயரடை, பேச்சு என்ற பெயருக்கு முன்னால் நிற்கிறது. குற்றம் பேச்சின் மேல். பேசியவர் வாக்கியத்தில் இல்லவே இல்லை. இருப்பவற்றுள் மென்மையானது இது.

"இட் வாஸ் அன்கைண்ட் ஆஃப் யூ டு ஸே தட்." நீங்கள் அப்படிச் சொன்னது சரியல்ல, மனம் நோகச் செய்தது. ஆள் உள்ளே வந்துவிட்டார். ஆனால் 'அதைச் சொன்னது' என்ற ஒரே ஒரு செயலோடு கட்டிப்போடப்பட்டே வருகிறார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எப்படிப்பட்டவர் என்பது பற்றி வாக்கியம் வாய் திறக்கவில்லை.

"யூ ஆர் பீயிங் அன்கைண்ட்." நீங்கள் இப்போது அன்பில்லாமல் நடந்துகொள்கிறீர்கள். இது நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், முகத்துக்கு நேரே சொல்வது. ஆளைத் தொடுகிறது, ஆனால் இந்த நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறது.

"யூ ஆர் அன்கைண்ட்." நீங்கள் அன்பில்லாத மனிதர். இங்கே நேரமும் இல்லை, செயலும் இல்லை. குணம் மட்டும்தான் இருக்கிறது.

நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் நான்காவதுதான் மிகுதி. காரணம் எளிது: மிகக் குறைந்த சொற்களில் முடிந்துவிடுவது அதுதான். பள்ளியில் முதலில் படித்த வாக்கிய அமைப்பும் அதுதான். கோபத்தில் இருக்கிறபோது கை தானாக அங்கேதான் போகும்.

இதுவரை பார்த்ததை இப்படி வைத்துக்கொள்ளலாம்: பெயருக்கு முன்னால் நின்றால் பண்டத்தின் மேல் குறை, 'இட் வாஸ்... ஆஃப் யூ' என்றால் செயலின் மேல். 'பீயிங்' வந்தால் இந்த நேரத்து நடத்தையின் மேல். வெறும் 'ஆர்' மட்டும் வந்தால் ஆளின் மேல்.

'பீயிங்' எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது

மூன்றாவது அமைப்பு பலருக்கு விநோதமாகத் தோன்றும். 'இஸ்' என்பதற்கு 'இங்' சேர்க்கக் கூடாது என்று எப்போதோ ஒரு ஆசிரியர் சொல்லியிருப்பார். பெரும்பாலான இடங்களில் அவர் சொன்னது சரி. "ஷி இஸ் பீயிங் டால்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உயரம் ஒருவர் கையில் இல்லை. இப்போது கொஞ்ச நேரம் உயரமாக இருந்துவிட்டு, பிறகு விட்டுவிட முடியாது.

ஆனால் அன்பில்லாமல் இருப்பது, முரண்டு பிடிப்பது, பொறுமையாக இருப்பது, முட்டாள்தனமாக நடப்பது எல்லாம் ஒருவர் தொடங்கவும் நிறுத்தவும் கூடியவை. இப்படிப்பட்ட தன்மைகளுக்கு மட்டும் ஆங்கிலம் 'பீயிங்' போட அனுமதிக்கிறது. போட்டவுடன் அந்தப் பெயரடை குணத்தைக் குறிப்பதை விட்டுவிட்டு நடத்தையைக் குறிக்கத் தொடங்கிவிடும். "ஹி இஸ் கைண்ட், பட் ஹி இஸ் பீயிங் அன்கைண்ட் டுடே" என்ற வாக்கியத்தில் முரண் எதுவும் இல்லை. நல்ல மனிதர்தான், இன்று மட்டும் சரியில்லை.

எந்தப் பெயரடைக்கு 'பீயிங்' பொருந்தும் என்று சோதிக்க ஒரு வழி உண்டு. அந்தத் தன்மையை விடும்படி ஒருவரைக் கேட்டுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். "டோன்ட் பி அன்கைண்ட்" என்று கேட்டுக்கொள்ளலாம். "டோன்ட் பி டால்" என்றால் எதிரில் இருப்பவர் சிரிப்பார். முதலாவது ஒட்டும், இரண்டாவது ஒட்டாது.

இந்த 'டோன்ட் பி' விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நடுவில் உள்ள 'பி' தொலைந்துபோய் "டோன்ட் ரூட்", "டோன்ட் அன்கைண்ட்" என்று வருவதைக் கேட்டிருப்பீர்கள். தமிழில் 'திட்டாதே', 'கடியாதே' என்று வினையே எதிர்மறையை ஏந்திக்கொள்வதால் வரும் பழக்கம் அது. ஆங்கிலத்தில் பெயரடை தனியாக வினை வேலை பார்க்காது. 'பி' அதற்கு வேண்டும்.

'ஆஃப்' வேறு, 'ஃபார்' வேறு

இரண்டாவது அமைப்புக்குத் திரும்புவோம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எழுத்தில் மிகவும் பயன்படுவதும் அதுதான். "இட் வாஸ் அன்கைண்ட் ஆஃப் யூ டு ஸே தட்" என்பதில் 'ஆஃப்' ஏன் வருகிறது? அந்த இடத்தில் 'ஃபார்' போட்டால் என்ன?

"இட் வாஸ் டிஃபிகல்ட் ஃபார் யூ டு ஸே தட்" என்ற வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கஷ்டம் என்பது செயலின் தன்மை. அது உங்களுக்கு நேர்ந்தது. அதனால் 'ஃபார்'. அன்பின்மை அப்படி வெளியிலிருந்து உங்களுக்கு நேர்ந்ததல்ல. உங்களிடமிருந்து வெளிப்பட்டது. செயலும் அன்பற்றது, அந்தச் செயலின் அளவில் நீங்களும் அப்படி. இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்குத்தான் 'ஆஃப்'. கைண்ட், அன்கைண்ட், ரூட், க்ரூயல், ஸில்லி, ஜெனரஸ் என்று மனிதரின் நடத்தையை எடைபோடும் பெயரடைகள் எல்லாம் இந்த இடத்தில் 'ஆஃப்' எடுக்கும். ஈஸி, டிஃபிகல்ட், இம்பாஸிபிள் போன்றவை 'ஃபார்' எடுக்கும்.

நன்றி சொல்கிறபோது "இட்ஸ் வெரி கைண்ட் ஆஃப் யூ" என்று சரியாகச் சொல்லும் அதே நபர், குறை சொல்கிறபோது இந்த அமைப்பை மறந்துவிடுகிறார். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. 'அன்' என்ற இரண்டெழுத்தை மட்டும் முன்னால் சேர்த்தால் போதும்.

யாருக்கு எதிராக? 'வித்' அல்ல, 'டு'

தமிழில் 'என்னிடம் கடுமையாக நடந்துகொண்டார்' என்கிறோம். இந்த 'இடம்' என்ற வேற்றுமை உருபை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது கை 'வித்' என்ற சொல்லைத் தேடுகிறது. "ஹி வாஸ் அன்கைண்ட் வித் மீ" என்று எழுதுகிறோம். 'ஆங்ரி வித் மீ' என்று படித்த பழக்கமும் அதற்குத் துணை நிற்கிறது. கோபம் ஒருவர் உள்ளே எழும் உணர்ச்சி, அதற்கு 'வித்' வழக்கமாக வரும். அன்பின்மையோ ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. அதனால் அது 'டு' கேட்கும். பெயருக்கு முன்னால் நின்று இந்த மாதிரி உறவுகளைக் காட்டும் குட்டிச் சொற்களைத்தான் முன்னிடைச்சொல் என்கிறோம்.

இதை மறக்காமல் வைத்துக்கொள்ள ஒரு சட்டம் உதவும். இந்தியாவின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டு வந்தது. அதன் ஆங்கிலப் பெயர் 'ப்ரிவென்ஷன் ஆஃப் க்ரூயல்டி டு அனிமல்ஸ் ஆக்ட்'. நடுவில் அந்த 'டு' இருப்பதைக் கவனியுங்கள். இந்தத் தொடருக்கு வயது அதிகம்: 1824இல் லண்டனில் தொடங்கிய விலங்கு நலச் சங்கத்தின் பெயரிலும் அது உண்டு; 1840இல் விக்டோரியா அரசி 'ராயல்' பட்டம் கொடுத்தது அந்தச் சங்கத்துக்குத்தான். 'க்ரூயல் டு', 'ரூட் டு', 'அன்கைண்ட் டு' எல்லாம் ஒரே குடும்பம்.

இரண்டு விலக்குகள் மட்டும் உண்டு. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி மனம் நோகப் பேசினால் 'அபௌட்' வரும்: "ஷி வாஸ் அன்கைண்ட் அபௌட் ஹிஸ் குக்கிங்." 'ஹார்ஷ்' என்ற சொல் பெரும்பாலும் 'ஆன்' எடுக்கும்: "யூ வர் டூ ஹார்ஷ் ஆன் ஹர்." அதில் பாரத்தை ஒருவர் மேல் ஏற்றுவது போன்ற தொனி இருக்கிறது.

ஆக, செய்தவரைச் சொல்ல 'ஆஃப்', பட்டவரைச் சொல்ல 'டு'. "இட் வாஸ் அன்கைண்ட் ஆஃப் ஹிம் டு பி ஸோ ரூட் டு ஹர்" என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்துவிடும்.

'நடந்துகொண்டார்' என்ற கண்ணி

தமிழில் நடத்தையைச் சொல்ல நமக்கு ஒரு வினை வேண்டும்: நடந்துகொண்டார், பேசினார், செய்தார். அதற்கு முன்னால் 'கடுமையாக', 'இரக்கமில்லாமல்' என்று ஒரு வினையடை வரும். வினையடை என்பது வினை எப்படி நடந்தது என்று சொல்லும் சொல். இந்த அமைப்பு மனத்தில் ஊறியிருப்பதால் ஆங்கிலத்திலும் 'பிஹேவ்' என்ற வினையைத் தேடிப் பிடிக்கிறோம். "ஹி பிஹேவ்ட் வெரி அன்கைண்ட் வித் மீ" என்ற வாக்கியம் அப்படித்தான் பிறக்கிறது. அதில் இரண்டு கோளாறு. 'பிஹேவ்' போன்ற வினைக்குப் பக்கத்தில் பெயரடை நிற்க முடியாது, 'அன்கைண்ட்லி' என்ற வினையடைதான் வேண்டும். 'வித்' பற்றி முன்பே பார்த்தோம்.

திருத்தினால் "ஹி பிஹேவ்ட் அன்கைண்ட்லி டுவர்ட்ஸ் மீ" என்று வரும். பிழையில்லை, ஆனால் விசாரணை அறிக்கையின் வாடை அடிக்கும். அன்றாட ஆங்கிலத்தில் "ஹி வாஸ் அன்கைண்ட் டு மீ" என்று முடித்துவிடுவார்கள். 'நடந்துகொண்டார்' என்பதன் வேலையை அந்தச் சின்ன 'வாஸ்' பார்த்துக்கொள்ளும். தமிழிலிருந்து போகிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும் இடம் இது: ஆங்கிலத்தில் 'பி' வினையும் பெயரடையும் சேர்ந்தாலே நடத்தை கிடைத்துவிடுகிறது.

வினையடை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் அலுவலகக் கடிதங்களில் 'கைண்ட்லி' என்றால் 'தயவுசெய்து' என்று பொருள். "கைண்ட்லி ஸெண்ட் தி ஃபைல்" என்பதில் அன்பு எதுவும் இல்லை, கோப்பு மட்டும் வேண்டும். 'அன்கைண்ட்லி' அதற்கு எதிர்ச்சொல் ஆகாது. அதைக் கோப்பு கேட்கும் கடிதத்தில் எங்கும் வைக்க முடியாது.

'அன்' என்பது வெறும் 'இல்லை' அல்ல

'அன்கைண்ட்' என்பதை 'நாட் கைண்ட்' என்று பிரித்துப் படிப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டுக்காரர் நீங்கள் மாடிக்குப் பெட்டி தூக்குவதைப் பார்த்தும் உதவவில்லை என்றால் அவர் 'நாட் கைண்ட்'. நல்லவராக நடக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் பெட்டியைப் பார்த்துக் கிண்டல் செய்தால்தான் 'அன்கைண்ட்'. கைண்ட் என்பதற்கும் அன்கைண்ட் என்பதற்கும் நடுவில் அகலமான இடம் ஒன்று இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் நாளின் பெரும்பகுதியை அங்கேதான் கழிக்கிறோம், யாருக்கும் நன்மையும் செய்யாமல் தீமையும் செய்யாமல்.

தமிழில் 'இனிய' என்பதற்கு எதிராக 'இன்னாத' என்ற பழஞ்சொல் உண்டு. இன்னாத சொல் என்றால் இனிமை இல்லாத சொல் மட்டுமா? இல்லை, துன்பம் தரும் சொல். 'அன்' செய்யும் வேலையும் இதுதான். ஒன்று இல்லை என்று சொல்வதோடு நிற்காமல் எதிர்ப்பக்கத்துக்கே போய்விடுகிறது.

அந்த நடு இடம் இருப்பதால்தான் ஆங்கிலத்தில் இரட்டை மறுப்புக்கும் ஒரு பயன் இருக்கிறது. ஆங்கிலக் கதைகளில் ஒரு காவலரோ ஆசிரியரோ கண்டிப்பாகப் பேசிவிட்டு, பக்கத்தில் "நாட் அன்கைண்ட்லி" என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அன்பாகச் சொன்னார் என்று பொருளல்ல. கண்டிப்பு இருந்தது, ஆனால் புண்படுத்தும் எண்ணம் இல்லை என்று பொருள்.

இந்தச் சொல்லுக்குப் பழைய அர்த்தம் ஒன்றும் உண்டு. 'கைண்ட்' என்பது ஆதியில் இயல்பு, இனம் என்பதைக் குறித்த சொல். உறவினரைக் குறிக்கும் 'கின்' என்பதோடு வேர்த்தொடர்பு உடையது. அன்கைண்ட் என்றால் இயல்புக்கு மாறான, உறவுக்கு ஒவ்வாத என்று பொருள் இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீஸர் நாடகத்தில், புரூட்டஸ் குத்திய இடத்தை ஆண்டனி கூட்டத்துக்குக் காட்டி 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட் கட் ஆஃப் ஆல்' என்கிறான். சீஸர் நெருங்கியவனாக நினைத்தவன் குத்திய குத்து அது. 'மோஸ்ட்' என்பதும் 'எஸ்ட்' என்பதும் ஒன்றாக வருவது அக்காலத்தில் வழக்கம். இன்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும். 'அன்கைண்டஸ்ட் கட்' மட்டும் பத்திரிகைத் தலைப்புகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

எல்லாவற்றுக்கும் 'ரூட்' என்ற ஒரே சொல்லைப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். ரூட் என்பது மரியாதை மீறல். வரிசையில் முந்துவது, பேச்சின் நடுவே குறுக்கிடுவது, பதில் வணக்கம் சொல்லாதது எல்லாம் ரூட். அதில் மனத்தைப் புண்படுத்தும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. மறுபுறம், மிகுந்த மரியாதையோடு அன்கைண்டாக இருக்க முடியும். "இந்த வயதில் இந்த உடையை அணியத் தனித் துணிச்சல் வேண்டும்" என்று புன்னகையோடு சொல்லும் அத்தையிடம் ரூட் எதுவும் இல்லை; அன்கைண்ட் நிறைய உண்டு. நம் மேலாளரின் பேச்சை எதில் சேர்ப்பது? இரண்டிலும் சேர்க்கலாம். ஆனால் வலித்தது இரண்டாவதால்தான்.

'ஹார்ஷ்' என்பது கடுமை. அந்தக் கடுமை நியாயமாகவும் இருக்கலாம். ஹார்ஷான தீர்ப்பு, ஹார்ஷான குளிர்காலம், ஹார்ஷான வெளிச்சம் என்று மனிதர் அல்லாதவற்றோடும் சகஜமாகச் சேரும். உங்கள் விமர்சனம் உண்மைதான், ஆனால் கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று சொல்ல "தட்ஸ் எ பிட் ஹார்ஷ்" போதும்.

'க்ரூயல்' வேறு எடை. துன்பம் கொடுப்பதையும், அந்தத் துன்பத்தைப் பார்த்தும் கலங்காமல் இருப்பதையும் அது குறிக்கும். நம் சட்டங்களிலும் அது கனமாகவே வருகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் மணவிலக்குக்கு ஒரு காரணம் க்ரூயல்டி. கணவரோ அவர் உறவினரோ பெண்ணுக்குச் செய்யும் கொடுமையைத் தண்டிக்கும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவிலும் இதே சொல்தான். 2024 ஜூலை 1 முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 85, 86 பிரிவுகளில் இருக்கிறது. இப்படிப்பட்ட சொல்லை, காப்பி ஆறிப்போனதற்கும் விடுமுறை தராததற்கும் போட்டால் படிப்பவர் விளையாட்டு என்றே எடுத்துக்கொள்வார்.

அதைவிட ஆபத்தானது 'டார்ச்சர்'. தமிழ்ப் பேச்சில் அது சாதாரணத் தொல்லை ஆகிவிட்டது. குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு நச்சரித்தாலும் டார்ச்சர்தான். ஆங்கிலத்தில் அது சித்திரவதை. "மை டீம் லீடர் இஸ் டார்ச்சரிங் மீ" என்று மனிதவளத் துறைக்கு எழுதினால், ஒன்று சிரிப்பார்கள், அல்லது விசாரணைக் குழு அமைப்பார்கள். இரண்டுமே நீங்கள் கேட்டதாக இருக்காது.

'மீன்' என்ற குழப்பம்

கடைசியாக வைத்திருப்பது எல்லாவற்றிலும் தொல்லை தரும் சொல்: 'மீன்'. தமிழ் எழுத்தில் எழுதினால் குழம்பு நினைவுக்கு வருகிறது, அதற்கு நான் பொறுப்பல்ல. ஆங்கிலத்திலேயே அந்த ஒலிக்கு மூன்று வேறு வேர்கள் உண்டு. 'பொருள்படு' என்ற வினை ஒன்று. கணக்கில் வரும் சராசரி இரண்டாவது. அது லத்தீனில் நடுவைக் குறித்த சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மூன்றாவதுதான் நம் பெயரடை. பழைய ஆங்கிலத்தில் அது 'பொதுவான' என்பதைக் குறித்தது. பொதுவானது என்பதிலிருந்து சாதாரணமானது, பிறகு தாழ்ந்தது, பிறகு அற்பமானது என்று இறங்கிவந்து, இன்று பிறரை நோகடிப்பது என்பதில் நிற்கிறது. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான 'கெமைன்' என்ற சொல்லுக்கும் பொது, கீழ்த்தரம் என்ற இரு பொருளும் உண்டு.

பிரிட்டனில் இந்தச் சொல்லுக்கு நெடுங்காலமாகக் கஞ்சன் என்ற பொருளும் இருக்கிறது. அமெரிக்காவில் 'மீன்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது நோகடிப்பவர்தான். அந்தப் பொருள் பிரிட்டனிலும் இன்று சகஜம். எதைச் சொல்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னிடைச்சொல்லைப் பாருங்கள். "ஹி இஸ் மீன் வித் மணி" என்றால் கஞ்சன். "ஹி இஸ் மீன் டு ஹிஸ் ஸிஸ்டர்" என்றால் தங்கையை அழவைப்பவன். 'டு' இங்கேயும் அதே வேலையைத்தான் பார்க்கிறது.

இது போதாதென்று, "ஷி மேக்ஸ் எ மீன் பிரியாணி" என்றால் பிரமாதமாக பிரியாணி செய்வார் என்று பாராட்டு. "நோ மீன் ஃபீட்" என்றால் லேசுப்பட்ட காரியமல்ல. இரண்டிலும் யாரும் யாரையும் புண்படுத்தவில்லை.

அன்கைண்ட் என்பதற்கும் மீன் என்பதற்கும் தொனியில் தெளிவான வித்தியாசம் உண்டு. மீன் பேச்சு வழக்கு. குழந்தைகளின் வாயில் அதிகம் புழங்குவது. "டோன்ட் பி மீன்" என்று தங்கை அண்ணனிடம் சொல்வாள். மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் அதே சொல் சிணுங்கலாகக் கேட்கும். அங்கே அன்கைண்ட்தான் கண்ணியமானது. நண்பரிடம் பேசும்போது நிலைமை தலைகீழ்: அன்கைண்ட் என்றால் பாதிரியார் பிரசங்கம் போலாகிவிடும், மீன் இயல்பாக இருக்கும். "ஐ டிட்ன்ட் மீன் டு பி மீன்" என்ற வாக்கியத்தில் வினையும் பெயரடையும் அருகருகே நிற்கின்றன: நோகடிக்கும் எண்ணத்தில் சொல்லவில்லை. காதுக்கு விளையாட்டாகக் கேட்டாலும் இது அன்றாடம் புழங்கும் வாக்கியம்.

சுருங்கச் சொன்னால், மரியாதை குறைந்தால் ரூட், கடுமை கூடினால் ஹார்ஷ், மனம் நோகச் செய்தால் அன்கைண்ட் அல்லது மீன், துன்புறுத்தினால் க்ரூயல்.

ஆளே இல்லாத அன்கைண்ட்

ஆங்கிலம் இந்தச் சொல்லை மனிதர் அல்லாதவற்றுக்கும் தருகிறது. "டைம் ஹாஸ் பீன் அன்கைண்ட் டு தி பில்டிங்" என்றால் காலம் அந்தக் கட்டடத்தைச் சிதைத்துவிட்டது. "தி கேமரா வாஸ் அன்கைண்ட் டு ஹிம்" என்றால் நேரில் இருக்கும் களை படத்தில் இல்லை. குறை சொல்லும் வேலையை யார் மேலும் ஏற்றாமல் காலத்தின் மேலும் கேமராவின் மேலும் ஏற்றிவிடும் தந்திரம் இது. ஒருவரின் தோற்றத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் பயன்படும். சொல்லாமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வரும் மின்னஞ்சலைப் படிப்பது

இவ்வளவும் எழுதுகிறவருக்கு. படிக்கிறவருக்கு ஒன்று. பிரிட்டிஷ்காரர்களோடு வேலை பார்ப்பவர்கள் 'எ பிட்', 'எ லிட்டில்', 'ராதர்' என்ற சொற்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. "தட் வாஸ் எ லிட்டில் அன்கைண்ட்" என்று ஒரு பிரிட்டிஷ் சகா எழுதினால், கொஞ்சமாகத்தான் வருத்தப்பட்டிருக்கிறார் என்று பெரும்பாலும் பொருளல்ல. வருத்தம் முழுதாக இருக்கும். சொல்லில் மட்டும் குறைத்திருப்பார். அதைப் படித்துவிட்டுக் கட்டை விரலைக் காட்டும் எமோஜி ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போவது நல்லதல்ல.

என்ன பதில் எழுதலாம்? "ஐ ஆம் ஸாரி இஃப் யூ ஃபெல்ட் பேட்" என்று எழுதுவார்கள் பலர். அந்த 'இஃப்' எல்லாவற்றையும் கெடுத்துவிடும்: நான் செய்தது சரியா என்பதைப் பற்றி எதுவும் சொல்லாமல், நீங்கள் வருத்தப்பட்டதை மட்டும் அது பேசுகிறது. அதைவிட, இரண்டாவது அமைப்பையே தன் பக்கம் திருப்பி எழுதலாம். கூட்டத்தில் தன் மகளை உதாரணம் காட்டிய மேலாளருக்கும் இது பொருந்தும்: "ஐ ஆம் ஸாரி. தட் வாஸ் அன்கைண்ட் ஆஃப் மீ." செய்தவர் 'ஆஃப்' எடுக்கிறார், செயல் ஒன்றோடு முடிகிறது, காரணம் எதுவும் அடுக்கப்படவில்லை. அதற்குக் கீழே ஸ்லைடில் என்ன திருத்த வேண்டும் என்று எழுதிவிட்டால் வேலையும் நடந்துவிடும்.